நூற்றுக்கு நூற்றுப்பத்து

புது மேனேஜருக்கு வந்த அன்றைக்கே பெயர் வைத்தாகிவிட்டது. காலையில் மெஷின்களை ஓட்டத் தொடங்கும் முன் எல்லோரையும் வெட்டுமேசைப் பக்கம் நிற்க வைத்து, ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று பேசினார். பேச்சில் பாதி ஆங்கிலம். அதில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்து விழுந்தது. ஹண்ட்ரட் அண்ட் டென் பர்சென்ட். இனிமேல் ஒவ்வொருவரும் ஹண்ட்ரட் அண்ட் டென் பர்சென்ட் கொடுக்க வேண்டும் என்றார்.

காலர் தைக்கும் கண்ணாடிக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. கையைத் தூக்கினாள்.

"சார், நூறுன்னாலே முழுசுதானே. முழுசையும் உங்களுக்கே குடுத்துட்டா வீட்டுக்கு நாங்க எதை எடுத்துட்டுப் போறது? அதுக்கும் மேல ஒரு பத்து வேற கேக்கறீங்க. அத யார் வீட்டுல போய் வாங்கிட்டு வர?"

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். நல்ல மனுஷர்போலத்தான் தெரிந்தது.

"இது கணக்கு இல்லம்மா. பேச்சுக்குச் சொல்றது. இங்கிலீஷ்ல எல்லாரும் சொல்லுவாங்க. விளையாட்டுக்காரங்க சொல்லுவாங்க, பெரிய பெரிய கம்பெனில சொல்லுவாங்க. முழு மனசோட, அதுக்கும் ஒரு படி மேல செய்யணும்னு அர்த்தம். மனசைத்தான் சொல்றேன்."

"மனசுன்னா சரி சார். அது எங்ககிட்ட நிறையக் கிடக்கு. கேக்கத்தான் இதுவரைக்கும் ஆள் இல்ல."

மதியத்துக்குள் அவர் பெயர் நூத்திப்பத்து ஆகிவிட்டது.

அங்கே வேலை செய்த அக்கா தங்கை இருவரில் மூத்தவள் இந்தப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டாலும் அவள் கவனம் தன் வலது மணிக்கட்டின் மேல்தான் இருந்தது. காலையிலிருந்தே உள்ளுக்குள் ஊசியால் குத்துவதுபோல் இருந்தது. துணியைக் கிழித்து இறுக்கக் கட்டி, அதன் மேல், புடவைக்கு மேலே போட்டிருந்த சட்டையின் கையை இழுத்துவிட்டு மூடியிருந்தாள். யாருக்கும் தெரியாது. அவள் தங்கைக்குக்கூடத் தெரியாது.

அக்கா தங்கை இருவருக்கும் ஒரே வரிசையில் வேலை. ஓவர்லாக் மெஷினில் சட்டைக்குக் கை வைப்பது. இளையவள் முன்னால் உட்கார்ந்து வலது கையை வைப்பாள். சட்டை அங்கிருந்து பின்னால் வரும். மூத்தவள் இடது கையை வைப்பாள். ஆக அந்த வரிசையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு கை தங்கையுடையது, ஒரு கை அக்காளுடையது. "இந்தச் சட்டையப் போடறவன் ஒரு கையால இன்னொரு கையக் கிள்ளிட்டே இருப்பான்" என்று கண்ணாடிக்காரி சொல்வதுண்டு. பொய் இல்லை. வாயைத் திறந்தால் இருவருக்கும் ஆகாது.

மூத்தவள்தான் இளையவளை வளர்த்தவள். அம்மா போனபோது இளையவளுக்கு விவரம் தெரியாத வயது. பிறகு மூத்தவளைக் கட்டியவனும் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒரே அறை, ஒரே அடுப்பு, இரண்டு பேர். வளர்த்ததை மூத்தவள் ஒரு நாளும் மறந்ததில்லை. இளையவளை மறக்க விட்டதும் இல்லை. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதையும் சொல்லிக் காட்டியாகிவிட்டது.

அன்று சாப்பாட்டு வேளையில் பெஞ்சில் எல்லோரும் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது இளையவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்க்கா, நூறுக்கு மேல எப்படி வரும்? நூறோட முடிஞ்சிடுதில்ல?"

நல்ல கேள்விதான். வேறு யாராவது கேட்டிருந்தால் மூத்தவளும் யோசித்திருப்பாள். ஆனால் மணிக்கட்டு வலித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேர் இருந்தால் மூத்தவளுக்கு நாக்கில் ஒரு துள்ளல் வந்துவிடும்.

"கேட்டீங்களாடி, யாரு பர்சென்ட்டப் பத்திப் பேசறான்னு. பள்ளிக்கூடத்துல கடைசிப் பரீட்சைல இவ கணக்குல எவ்வளவுன்னு தெரியுமா? நூத்துக்கு ஏழு. அந்த ஏழும் பேர ஒழுங்கா எழுதினதுக்குப் போட்டது."

பெஞ்சே குலுங்கியது. ஒருத்திக்குப் புரையேறியது. இளையவளும் சிரித்தாள், வேறு என்ன செய்வாள். அப்புறம் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள். டப்பாவில் பாதி அப்படியே இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் பெயர் ஏழு. "ஏ ஏழு, அந்த வெள்ளை நூல் கோனை இப்படித் தள்ளு." "ஏழு, தண்ணி குடிக்கப் போறியா?" கூப்பிடுகிறவர்களுக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பழகிப்போனது. மூத்தவள் மட்டும் ஒவ்வொரு முறையும் முன்னால் இருக்கும் அந்தக் கழுத்தைப் பார்ப்பாள். ஏழு என்று யாராவது கூப்பிட்டால் அந்தக் கழுத்து ஒரு நொடி விறைக்கும். பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நாளில் மனசு என்று சொன்னது மெஷினுக்கு மேலே ஏறிக்கொண்டது. ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே ஒரு சின்னப் பலகை மாட்டினார்கள், எண் எரிகிற பலகை. தைக்கிறவள் எவ்வளவு பர்சென்ட் வேலை செய்கிறாள் என்று அது மணிக்கு மணி காட்டும். எதற்கு எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று முதலில் ஒரு கணக்கு வேண்டுமல்லவா, அதற்கு ஸ்டாப்வாட்ச்காரர் வரப்போகிறார் என்றார்கள். அவர் யாராவது ஒருத்திக்குப் பின்னால் நின்று நேரம் பிடிப்பார். அவளுக்கு ஆகும் நேரம்தான் நூறு. அந்த நூறுதான் அந்த வேலையைச் செய்கிற எல்லோருக்கும்.

வாட்ச் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிள்ளைத்தாச்சி நடை என்று பெயர். நூல் அறுந்ததுபோல் நிறுத்த வேண்டும். துணியை இரண்டு தடவை தட்டிச் சரிசெய்ய வேண்டும். ஊசியைக் குனிந்து பார்க்க வேண்டும். ஆனால் சோம்பேறி என்று தெரியக் கூடாது, ரொம்பக் கவனமானவள் என்று தெரிய வேண்டும். அப்படித் தைத்தால்தான் நூறு என்பது மனுஷர் எட்டுகிற உயரத்தில் இருக்கும். மூத்தவளே இதை இளையவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஸ்டாப்வாட்ச்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், யாரையும் நேராகப் பார்க்காதவர். வரிசையில் நடந்து வந்து இளையவளின் பின்னால் நின்றார்.

"கை வைக்கறது நீதானே? தை."

பின்னால் உட்கார்ந்திருந்த மூத்தவளுக்கு எல்லாம் தெரிந்தது. இளையவள் முதல் சட்டையை எடுத்தாள். தட்டிச் சரிசெய்தாள். சரியாகத்தான் ஆரம்பித்தாள். அப்போது காஜா போடுகிறவள் பக்கத்து வரிசையிலிருந்து அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள். "ஏழு, மெதுவா."

ஸ்டாப்வாட்ச்காரர் நிமிர்ந்தார். "ஏழா? அது என்ன பேரு?"

யாரோ கிளுகிளுத்தார்கள். மூத்தவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

இளையவள் திரும்பி அக்காளைப் பார்த்தாள். அதிக நேரம் இல்லை, ஒரு பார்வை. பிறகு மெஷினுக்குத் திரும்பினாள். மெஷின் கத்த ஆரம்பித்தது. அவள் கை போன வேகத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை, அவளே பார்த்திருக்க மாட்டாள். துணி ஓடியது. ஒரு சட்டை பின்னால் வந்து விழுவதற்குள் அடுத்தது ஊசிக்கடியில் இருந்தது. மூத்தவளின் பக்கத்தில் ஒற்றைக் கைச் சட்டைகள் குவிந்தன. கண்ணாடிக்காரி இருமினாள். எங்கிருந்தோ இன்னொருத்தி இருமினாள். இளையவள் நிறுத்தவில்லை. ஸ்டாப்வாட்ச்காரர் போதும் என்று சொன்ன பிறகும் கையிலிருந்த சட்டையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை.

அடுத்த நாள் பலகைகள் எரிந்தன. இளையவளின் தலைக்கு மேல் தொண்ணூற்றெட்டு, அதுவும் தண்ணீர் குடிக்கக்கூட எழாமல். மூத்தவளின் தலைக்கு மேல் அறுபத்து மூன்று.

எழுபதுக்குக் கீழே போனால் பலகை சிவப்பாகும். மாதக் கடைசியிலும் சிவப்பாகவே இருந்தால் மெஷினை விட்டு எழுந்து நூல்வெட்டு மேசைக்குப் போக வேண்டும். அது ஹாலின் கோடியில் இருந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டு, தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்ட வேண்டும். சம்பளமும் குறைவு. ஆர்டர் குறைந்தால் முதலில் அந்த மேசையில் இருப்பவர்களைத்தான் வேண்டாம் என்பார்கள். மூத்தவள் அந்த மெஷினில் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியை விட்டால் அவளிடம் தன்னுடையது என்று வேறொன்றும் இல்லை.

மணிக்கட்டு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். அறுபத்தாறு வந்தது. அன்று ராத்திரி கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மறுநாள் அறுபது.

"உன் தங்கச்சி நூத்திப்பத்து குடுத்தா, அந்த வாட்ச்காரன் அத நூறுன்னு எழுதிட்டான்" என்றாள் கண்ணாடிக்காரி. "கேக்கும்போது மனசுங்கறாங்க, எடுத்துக்கும்போது கணக்குங்கறாங்க. போய்ப் பேசிப் பாரு."

மூத்தவள் ஸ்டாப்வாட்ச்காரரை மாடிப்படியில் மறித்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வழக்கமான வேகம்னு நினைச்சுத்தான் போட்டேன். அது வழக்கத்துக்கு மேலன்னா குறைச்சுப் போடலாம், விதி இருக்கு. ஆனா அத நீங்க சொல்லக் கூடாது. தைச்ச பொண்ணு மேனேஜர்கிட்ட வந்து சொல்லணும்."

ஆக, இளையவள் சொல்ல வேண்டும். இளையவளிடம் மூத்தவள் கேட்க வேண்டும்.

வாட்ச் வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அன்று சாயங்காலம் இளையவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"நாளைக்கு மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லிடு."

"என்னன்னு?"

"அன்னிக்குத் தைச்சது உன் வழக்கமான வேகம் இல்லன்னு. எதுக்கோ வெறி பிடிச்சுத் தைச்சேன்னு."

"எதுக்கோவா?"

மூத்தவள் மறுபடி அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

"கேளுக்கா" என்றாள் இளையவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேட்டுட்டுத்தானடி இருக்கேன்."

"இது கேக்கறது இல்ல. வேலை சொல்றது. நீ எனக்கு எப்பவும் வேலைதான் சொல்லியிருக்க. கேட்டதே இல்ல."

"உன் கால்ல விழணுமா?"

"முழுசா வேண்டாம். நூத்துக்கு ஏழு விழு. எனக்கு அது போதும்."

மூத்தவளுக்கு உச்சந்தலை சுட்டது. இவளுக்குத் தலைவாரி விட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. அதையெல்லாம் ஏற்கெனவே பலமுறை செலவழித்தாகிவிட்டது என்பதும் கூடவே தெரிந்தது. அடுப்புத் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். கட்டை அவிழ்த்தாள். மணிக்கட்டு நீலமும் மஞ்சளுமாய் வீங்கி, கட்டின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"சொல்லுடி. உன்னக் கேக்கறேன். அந்த மேசைல நின்னா நான் செத்துடுவேன்."

இளையவள் பார்த்தாள். எழுந்து வரவில்லை. தொடவும் இல்லை.

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா."

"சரி, சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மீதித் துணியை மடித்தாள்.

மறுநாள் காலை எல்லோரும் வெட்டுமேசைப் பக்கம் நின்றிருந்தபோதே அவள் முன்னால் போனாள். பத்துப் பேருக்கு முன் பேசச் சொன்னால் நடுங்குகிற பெண். முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். ஆனால் பேசினாள்.

"சார், கை வைக்கறதுக்கு நீங்க போட்ட நூறு தப்பு சார். அன்னிக்கு நான் கோவத்துல தைச்சேன். அது என் வேகம் இல்ல. நூத்திப்பத்து இருக்கும், அதுக்கு மேலயும் இருக்கும். தினமும் அப்படி யாராலயும் முடியாது. என்னாலயே முடியல. குறைச்சுப் போடுங்க சார்."

மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கை சரியாகச் சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அது மூத்தவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா எல்லாரும்? முதல் நாள் இங்க என்ன சொன்னீங்க? நூத்திப்பத்து எங்கேருந்து வரும்னு கேட்டீங்க. இதோ, இந்தப் பொண்ணு குடுத்திருக்கா. அவ வாயாலயே சொல்றா."

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"நல்லாச் சொன்னம்மா. கோவத்துல வந்துச்சுங்கற. இருக்கட்டும், கோவம் நல்லதுதான். முடியும்னு தெரிஞ்சுபோச்சுல்ல. முடியறத எதுக்குக் குறைக்கணும்?"

அவர் கை தட்டினார். முன்னால் நின்ற சிலரும் தட்டினார்கள், தட்டாமல் இருக்க முடியாது. மேனேஜர் சொல்லி யாரோ ஆபீஸிலிருந்து ஒரு வட்டமான பேட்ஜைக் கொண்டுவந்தார்கள். அதில் 110 என்று போட்டிருந்தது. முன்பே செய்து வைத்திருந்தார்கள்போலும். அதை இளையவளின் தோளில் குத்தினார்கள். ஸ்டாப்வாட்ச்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளையவள் கூட்டத்தில் அக்காளைத் தேடினாள். மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவ உனக்காகத்தான் சொன்னா" என்றாள் கண்ணாடிக்காரி.

"தெரியும்" என்றாள் மூத்தவள்.

தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நெஞ்சார ஒரு பாட்டம் திட்டியிருக்கலாம். கெஞ்சியதும் நடந்து, கெஞ்சியதற்குப் பலனும் இல்லாமல், அந்தப் பெண்மேல் குற்றமும் இல்லாமல் போனதை மூத்தவளுக்கு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மாதக் கடைசியில் அவளை எழுப்பினார்கள். சத்தமெல்லாம் இல்லை. இனிமேல் அங்கே என்று கையைக் காட்டினார்கள், போனாள். அவள் மெஷினில் பக்கத்து வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவளும் வேக வேகமாகத் தைத்தாள்.

நூல்வெட்டு மேசையில் கையில் ஒரு சின்னக் கத்தரி. நூலை வெட்ட வேண்டும், தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பி வந்ததைத் தைத்தவளே சரிசெய்து கொடுக்க வேண்டும். அதற்குப் பலகையில் எண் ஏறாது, நேரம் மட்டும் போகும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு சட்டையின் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள் மூத்தவள். அக்குளில் தையல் கச்சிதமாக ஓடியிருந்தது. அவளே கற்றுக்கொடுத்த தையல். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இன்னார் தைத்தது என்று சொல்லிவிடுவாள். பக்கத்தில் நின்றவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். மூத்தவள் கத்தரியின் நுனியைத் தையலுக்கு அடியில் விட்டு இரண்டு நூலை வெட்டினாள். சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திரும்பும் கூடையில் போட்டாள். மனசு கொஞ்சம் லேசானது. அன்று இன்னும் ஐந்தாறு சட்டை. மறுநாள் அதைவிட அதிகம்.

கோடியிலிருந்து பார்த்தால் இளையவளின் பலகை தெரியும். தொண்ணூற்றெட்டு எண்பத்தெட்டானது. பிறகு எண்பத்தொன்று. மேனேஜர் ஒரு நாள் அவள் பக்கத்தில் நின்று பேட்ஜைச் சுட்டிக்காட்டி என்னவோ சொன்னார். இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் இளையவள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"தையல் தானா விட்டா முனை பிசிறா இருக்கும்க்கா. வெட்டினா பிசிறு இருக்காது."

"அப்படியா?"

"நீதான் சொல்லிக் குடுத்த."

மூத்தவள் பாயை விரித்தாள். இளையவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"நானும் அந்த மேசைக்கு வரணும், அவ்வளவுதானே. ஒரு நாளைக்கு எத்தனை சட்டைன்னு சொல்லு. நானே தைக்காம விட்டு அனுப்பறேன். நீ ஸ்டிக்கர் ஒட்டினாப் போதும். நீ வெட்டறத மட்டும் என்னால பார்க்க முடியல."

மூத்தவள் விளக்கை அணைத்தாள்.

மறுநாள் சட்டைகள் வந்தன. நாலாவது சட்டையின் வலது அக்குளில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தைக்காமல் விட்டிருந்தது. துணியின் இரண்டு ஓரமும் சேராமல் வாயைத் திறந்துகொண்டிருந்தன. மூத்தவள் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தாள். தூரத்தில் இளையவளின் முதுகு குனிந்திருந்தது. அவள் திரும்பவில்லை. தோளில் அந்தப் பேட்ஜ் கோணிக்கொண்டு தொங்கியது.

மூத்தவள் அந்தச் சட்டையில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கூடையில் போட்டாள்.

அடுத்த சட்டையை எடுத்தாள். அதில் தையல் முழுசாக, அழகாக இருந்தது. கத்தரியின் நுனியை அதற்கு அடியில் விட்டாள்.